கண்மாய் மீனுக்கும் ஆடிப்பட்டம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி தொடங்கி வைகாசி வரை சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்துக் கண்மாய்களின் மீன்பிடித் திருவிழாப் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கும். கரையில் நின்று ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கையில் கிடைத்த மீன்பிடிக் கருவியோடு சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் சேற்றில் இறங்கும் காட்சி யாருக்கும் பிடிக்கும். அந்தப் படங்களில் கூடைகளுக்குள் என்ன கிடக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல ஊர்களில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஜிலேபி (திலாப்பியா) மீன்தான் நிறைந்திருக்கும். கட்லா, ரோகு குஞ்சுகளைப் பணம் கொடுத்து வாங்கி விட்ட கண்மாயில், கடைசியில் கிடைப்பது யாரும் விடாத ஜிலேபி. இது ஏன் இப்படி ஆகிறது, இதை மாற்ற இந்த ஆனி, ஆடியிலேயே என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

பிடித்த கையைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு குஞ்சு விடும் நாளில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகியதும் அவசரமாக வண்டி அனுப்பி, 2 அல்லது 3 செ.மீ. நீளமுள்ள குஞ்சுகளைப் பாலித்தீன் பைகளில் கொண்டுவந்து மடைப் பக்கம் அவிழ்த்து விடுகிறோம். அந்த நேரத்தில் கண்மாய்க்குள் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்? கோடையெல்லாம் பள்ளத்துச் சேற்றில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்த விராலும் குரவையும், வரத்துக்கால்வாய் வழியே ஏறி வந்த கெளுத்தியும், எப்போதும் இருக்கும் தண்ணீர்ப் பாம்பும் நீர்க்காகமும். நகத்தளவுக் குஞ்சு இவர்கள் எல்லாருக்கும் ஒரே வாய். நாம் லட்சக்கணக்கில் விட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறோம். பெரும்பகுதி ஒரு மாதத்துக்குள் விரால் வயிற்றுக்குப் போய்விடுகிறது.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கங்கைச் சமவெளிக் கெண்டை மீன்கள். மழைக்காலப் பெருக்கில் ஆற்றில்தான் முட்டையிடும், தேங்கிய கண்மாய்த் தண்ணீரில் இனம் பெருக்காது. ஆகவே நாம் விட்டதில் பிழைத்தது எவ்வளவோ அவ்வளவுதான் அறுவடை. ஜிலேபி அப்படியல்ல. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த இந்த மீன் இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காத்து, ஆண்டுக்குப் பலமுறை பெருகுகிறது. கூட்டம் கூடக் கூட வளர்ச்சி நின்று சிறுத்துப்போகும். கட்லாவும் ரோகுவும் அழிந்த இடத்தில் அது பரவுவதில் வியப்பில்லை.

தீர்வு, கண்மாய்க்குள் விடும் குஞ்சு 10 செ.மீ. நீளம், அதாவது ஆள்காட்டி விரலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதே. அந்த அளவுக் குஞ்சை விழுங்க விரால் பெரிதாக இருக்க வேண்டும். துரத்தினாலும் தப்பித்து ஓடும் வேகம் குஞ்சுக்கு வந்திருக்கும். இதை மீன்வளத் துறையினரும் சொல்லத்தான் சொல்கிறார்கள். ஆனால் 10 செ.மீ. குஞ்சை வெளியூரிலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது. ஆக்சிஜன் நிரப்பிய ஒரு பையில் 2.5 செ.மீ. குஞ்சு 500 வரை வரும். விரலளவுக் குஞ்சு என்றால் 50 வருவதே பெரிது. 10,000 குஞ்சுக்கு 200 பை. இதனால்தான் எல்லாரும் சின்னக் குஞ்சுக்கே போகிறார்கள். நெல்லுக்கு நாற்றங்கால் விடுகிற நாம் மீனுக்கும் ஊருக்குள்ளேயே நாற்றங்கால் விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

காலக்கணக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் மீன் விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்னியும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீனைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். ஜூலை 10 மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுவது அதற்காகத்தான். அதற்கு முன் ஆற்றில் வலை விரித்து அரித்து எடுத்த குஞ்சுதான் நாட்டுக்கே விதை. இன்றும் குஞ்சுப் பண்ணைகளில் சினைப்பருவம் பெரும்பாலும் ஆனியிலிருந்து புரட்டாசி வரைதான். ஆடி முதல் வாரம் 2.5 செ.மீ. குஞ்சு வாங்கினால் 75 முதல் 90 நாளில், அதாவது புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதலில், விரலளவு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் கண்மாய்க்கு வருவதும் அப்போதுதான்.

எவ்வளவு குஞ்சு வேண்டும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். கண்மாய் நிறைந்தால் 40 ஏக்கர் தண்ணீர் நிற்கும் என்றால் 40-ஐ வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நிறைந்த பரப்பும் வற்றிய பரப்பும் சேர்ந்த சராசரியைப் பாருங்கள், பெரும்பாலும் பாதிதான் வரும். 20 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 500 வீதம் 10,000 விரலளவுக் குஞ்சு. நாற்றங்காலில் நூற்றுக்கு 60, 65 பிழைக்கும் என்று வைத்தால் 16,000 சிறு குஞ்சு வாங்க வேண்டும். சென்ட்டுக்கு 1,000 குஞ்சு வளர்க்கலாம். ஆகவே 16 சென்ட் குட்டை, மூன்றடி முதல் ஐந்தடி ஆழம், அருகில் ஒரு ஆழ்குழாய்க் கிணறு, இவ்வளவே தேவை. அரசு மானியத்தில் வெட்டிய பண்ணைக்குட்டைகள் பல ஊர்களில் ஆடியில் காய்ந்து கிடக்கின்றன. அதில் ஒன்று போதும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டையாக இருந்தால் அடியில் அரையடி மண் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் உயிர் பிடிக்காது. பாசனக் கிணற்றில் விடலாமா என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம். வெயில் படாத ஆழத் தண்ணீரில் மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் வளராது, திரும்பப் பிடிப்பதும் பெரும்பாடு.

குட்டை காய்ந்திருந்தால் தரை வெடிக்கும்வரை விட்டு, சென்ட்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ சுண்ணாம்பு தூவுங்கள். நாலைந்து நாள் கழித்துச் சென்ட்டுக்கு 20 கிலோ மக்கிய சாணம் போட்டு முதலில் ஒன்றரை அடி மட்டும் தண்ணீர் கட்டி, ஒரு வாரத்தில் முழு உயரத்துக்கு ஏற்றலாம். ஆழ்குழாய்த் தண்ணீரில் பிராணவாயு குறைவு. குழாயை உயர்த்திப் பிடித்து ஒரு கல்லின் மேலோ தகரத்தின் மேலோ விழுந்து சிதறும்படி விட வேண்டும். வாய்க்கால் தண்ணீரோ ஊருணித் தண்ணீரோ பாய்ச்சுவதானால் குழாய் வாயில் நெருக்கமான துணிவலையை இரட்டையாகக் கட்டுங்கள். வலை கட்டாமல் விட்டால் நாலு ஜிலேபிக் குஞ்சு உள்ளே வந்துவிடும், அதன்பின் நாற்றங்காலே ஜிலேபிக் குட்டையாகிவிடும்.

குட்டையை வற்றவைக்க முடியாமல் பழைய தண்ணீர் நிற்கிறதென்றால் இலுப்பைப் புண்ணாக்கு இருக்கிறது. மூன்றேகால் அடித் தண்ணீருக்குச் சென்ட்டுக்கு 10 கிலோ, முந்தின இரவு ஊறவைத்துக் கரைத்துக் குட்டை முழுவதும் தெளித்தால் உள்ளே இருக்கும் பழைய மீன்கள் மிதந்துவிடும். அந்த நஞ்சு அடங்க மூன்று வாரம் ஆகும். அதுவரை குஞ்சு விடக் கூடாது. அடங்கியபின் அதுவே எரு.

தண்ணீர் பக்குவப்பட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். காலை 10 மணி வெயிலில் கையை முழங்கை வரை நேராகத் தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் இரை போதாது, இன்னும் சாணக் கரைசல் விட வேண்டும். உள்ளங்கை மங்கலாக, தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் சரியான பதம். மணிக்கட்டே மறைந்து தண்ணீர் கரும்பச்சையாக இருந்தால் எரு கூடிவிட்டது; புதுத் தண்ணீர் விட்டுத் தணிக்க வேண்டும்.

குஞ்சு வாங்கும் இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். தேநீர் வடிகட்டி போன்ற ஒரு கிண்ணத்தால் அள்ளி, ஒரு கிண்ணத்தை எண்ணி, அதை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுவது வழக்கம். எண்ணப்படும் முதல் கிண்ணம் குவிந்தும் மற்றவை தலைதட்டியும் இருந்தால் ஆயிரத்துக்கு 200 குறையும். நடுவில் எட்டாவதோ பத்தாவதோ கிண்ணத்தை நிறுத்தி, ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்து நீங்களே எண்ணுங்கள். அந்தத் தட்டிலேயே இனத்தையும் பார்த்துவிடலாம். கட்லாக் குஞ்சுக்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, மேல்நோக்கிய வாய், வாலடியில் புள்ளி இருக்காது. ரோகுவுக்கும் மிருகாலுக்கும் வாலடியில் கருமை தெரியும். மீசை முளைத்த குஞ்சு ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன். அது ஒருமுறை கண்மாய்க்குள் போனால் வெள்ளத்தோடு அடுத்த கண்மாய்க்கும் போகும், நம் நாட்டு மீன்கள் எதுவும் தப்பாது. மணிமுத்தாறு, பவானிசாகர் போன்ற அரசு பண்ணைகளில் வாங்குவது இந்த வகையில் நிம்மதி. கட்லா 40, ரோகு 30, மிருகால் 30 என்ற விகிதம் போதும். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிருகால் அடியிலும் மேயும். சாதாக் கெண்டை வேகமாக வளரும் என்று சிலர் சேர்க்கிறார்கள். அது சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், கரையையும் தோண்டும். மண்கரைக் கண்மாய்க்கு அது ஆகாது.

பை வந்ததும் அவிழ்க்காதீர்கள். பையை அப்படியே குட்டையில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரைப் பைக்குள் விட்டு, பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறும். கவிழ்த்துக் கொட்டினால் சூட்டு வித்தியாசத்தில் மயங்கி அடியில் விழும், அடுத்த நாள் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும்.

தீனி, கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி. 16,000 குஞ்சுக்கு முதல் வாரம் நாளொன்றுக்கு 400 கிராம் போதும் என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் அவ்வளவுதான் அவற்றின் உடல் எடைக்குத் தேவை. பிறகு படிப்படியாக ஏற்றி, மூன்றாம் மாதம் நாலைந்து கிலோ வரை போகலாம். புண்ணாக்கை இரவே ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து, தட்டில் வைத்து ஒன்றரை அடி ஆழத்தில் தொங்கவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். நாற்றங்காலில் குஞ்சு சாவது பெரும்பாலும் பசியால் அல்ல, மிஞ்சிய புண்ணாக்கு அடியில் அழுகுவதால். விடியற்காலை 5 மணிக்குக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். அன்று தீனி வேண்டாம். மோட்டாரைப் போட்டு அதே குட்டைத் தண்ணீரை மேலே பீய்ச்சியடித்தாலே தெளிந்துவிடும். மேகமூட்டமான நாட்களிலும் தீனியைப் பாதியாக்குங்கள். தவளை முட்டை சரம்சரமாகத் தெரிந்தால் குச்சியால் சுருட்டி எடுத்து எறிய வேண்டும். மீன்கொத்திக்கும் நீர்க்காகத்துக்கும் குட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நரம்புக் கயிறு கட்டினால் போதும்.

ஊருக்குள்ளேயே குஞ்சு இருப்பதில் இன்னொரு பெரிய வசதி, கண்மாயில் விடும் நாளை நாம் முடிவு செய்யலாம். வெளியூரிலிருந்து வாங்குபவர்கள் குஞ்சு கிடைத்த அன்று விட்டே ஆக வேண்டும், கண்மாய் நிரம்பி, மிகைநீர் வழியும் கலுங்கு பாய்ந்துகொண்டிருந்தாலும் சரி. ஓடும் தண்ணீரை எதிர்த்து ஏறுவதும் பெருக்கோடு போவதும் கெண்டை மீனின் இயல்பு. கலுங்கு தாண்டியது அடுத்த ஊருக்கு. இதைத் தடுக்க மூங்கில் தட்டி, கொசுவலை என்று கலுங்கில் கட்டிவிடுகிறார்கள். ஒரே இரவில் ஆகாயத்தாமரையும் சருகும் அதில் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறினால் கரை உடையும். பாசனக்காரர்கள் அதை எதிர்ப்பதில் முழு நியாயம் இருக்கிறது. முதல் பெருக்கின் செந்தண்ணீர் தெளிந்து, கலுங்கு நின்றபின், நாற்றங்காலில் தயாராக இருக்கும் குஞ்சைக் கொண்டுபோய் விட்டால் தட்டியே தேவைப்படாது. மடைக்கு மட்டும் ஒரு விரல் இடைவெளியில் கம்பி வைத்த இரும்புச் சட்டத்தைச் சாய்வாக நிறுத்தி, தினமும் சருகை வாரிவிட வேண்டும்.

மாற்றும் நாளுக்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்த குஞ்சு பீப்பாய்த் தண்ணீரைக் கெடுத்துவிடும். காலையில் இழுவலையால் மெதுவாக ஒதுக்கி, குட்டையிலேயே துணிவலைத் தொட்டிலில் மூன்று நான்கு மணி நேரம் வைத்துப் பிறகு ஏற்ற வேண்டும். 200 லிட்டர் பீப்பாயில் முக்கால் பங்கு தண்ணீர், 300 குஞ்சு, அரை மணி நேரத்துக்குள் கண்மாய். ஒரே இடத்தில் கொட்டாமல் நாலைந்து இடத்தில், கருவேல மர நிழல் விழும் ஓரங்களில் விடலாம். மரத்தூர்கள் வலையைக் கிழிக்கும் என்று எல்லாவற்றையும் வெட்டச் சொல்வார்கள். குஞ்சு பதுங்க அந்தத் தூர்கள் வேண்டும், பறவை அடையவும் வேண்டும். எங்கள் வட்டத்து வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகச் சுற்றியுள்ள ஊர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டிருக்கின்றன. நீர்க்காகம் தின்னும் நாலு மீனைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

இப்படி விட்ட 10,000-ல் பாதி பிழைத்து, பங்குனி, சித்திரையில் அரைக் கிலோ வீதம் நின்றாலும் இரண்டரை டன் மீன். அதை எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தை மாதத்திலிருந்து கரையோரத்தில் மட்டும் சிறு கண்ணி வலையால் ஜிலேபியைக் கழித்துவர வேண்டும், அது குறையக் குறைய மற்ற மீனுக்கு இரை கூடும். பெரிய மீனுக்குச் செவுள்வலை என்றால் நீட்டிப் பிடிக்கும்போது 10 செ.மீ. கண்ணி. அதற்குச் சிறிய கண்ணியில் கால் கிலோக் கட்லா சிக்கும். இன்னும் இரண்டு மாதம் விட்டால் நன்றாக எடை கூடும் மீனை அரை விலைக்கு விற்பது நட்டம். கொசுவலையை இழுவலையாக்கி அரிப்பதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். அதில் அயிரையும் உளுவையும் விரால் குஞ்சும் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். இந்த நாட்டு மீன்களுக்கு யாரும் குஞ்சு விடுவதில்லை. கண்மாயில் மிஞ்சியதுதான் அடுத்த ஆண்டுக்கு விதை. மதுரைப் பக்கம் உயிர் அயிரையைப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்துக் குழம்பு வைப்பார்கள். கட்லாவைவிடப் பலமடங்கு விலை போகும் அந்த மீன் பல கண்மாய்களில் கண்ணுக்கே தெரியவில்லை.

கடைசித் தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பதும், மீனுக்காக மடையைத் திறந்துவிடுவதும் குத்தகைக்காரர் செய்யக் கூடாத காரியம். பயிருக்கும் மாட்டுக்கும் உரிய தண்ணீர் அது. மடைக்கு உள்வாயில் இருக்கும் ஆழப் பள்ளத்தை யாரும் இறங்காமல் விட்டுவைத்தால் விராலும் குரவையும் அங்கே கோடையைக் கழிக்கும். மீன்பிடித் திருவிழா வைக்கும் ஊர்களும் பள்ளத்தைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடலாம். தோட்டா போடுவதும் தண்ணீரில் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஊர்க்கூட்டம் கண்டிப்பாக இருந்தால் இது நடக்காது.

வைகை, மேட்டூர் போன்ற அணைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே தண்ணீர் கண்மாய்போல் அடியோடு வற்றுவது அரிது, வாளை போன்ற பெரிய இரைதின்னிகள் ஆண்டு முழுவதும் இருக்கும், பரிசலில் போய்ச் செவுள்வலை கட்டித்தான் பிடிக்க முடியும். ஆனால் சின்னக் குஞ்சு விட்டால் வீண் என்பது அங்கே இன்னும் பொருந்தும்.

இதையெல்லாம் செய்யத் தயாராக இருப்பவர்களின் கையைக் கட்டுவது மீன்பாசிக் குத்தகையின், அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கான ஏலத்தின், காலம்தான். வருவாய்த் துறைக் கணக்கான பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஏலம் பல இடங்களில் கண்மாயில் தண்ணீர் வந்தபிறகே நடக்கிறது. கண்மாய் தனக்குக் கிடைக்குமா என்று தெரியாத ஒருவர் ஆடியில் எப்படி நாற்றங்கால் விடுவார்? ஓராண்டுக் குத்தகைக்காரர் அயிரைக்கும் விராலுக்கும் பள்ளம் ஒதுக்க வேண்டிய காரணம் என்ன? ஊராட்சி ஒன்றியங்களும் நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் ஏலத்தை ஆனிக்குள் முடிக்க வேண்டும். குத்தகையைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குக் கொடுக்க வேண்டும். 10 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சை விடக் கூடாது, கடைசிப் பள்ளத்தைத் தொடக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அணைகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். ஆடி, ஆவணி இரண்டு மாதம் மட்டும் வாரம் ஒருமுறை, எந்த அரசு மீன்பண்ணையில் எந்த இனக் குஞ்சு, என்ன அளவில், என்ன விலையில் இருக்கிறது என்பதையும் அதன் பக்கத்திலேயே ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போட்டால், வண்டி பிடித்துப் போய் வெறுங்கையோடு திரும்பும் ஊர்கள் குறையும்.

இப்படிக்கு,
கண்மாய் மீன் வளர்ப்போர் சிலர்,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்